வெறுங்கையால பிடிச்ச கயிறு

முதல்லயே சொல்லிப்போடுறன், எனக்கு இந்தப் பேய், பிசாசு, முனி ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. மயிலிட்டியில கடலுக்குப் போற குடும்பத்தில பிறந்தனான். ஆரும் கடலில என்னவோ கண்டனெண்டு வந்து சொன்னா, எத்தினை போத்தில் அடிச்சனி எண்டு கேக்கிற ஆள் நான். நீர் ஹரோவில டை கட்டி வேலை பாக்கிறனீர், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு சொல்லப் போறீர், உம்மட முகத்தைப் பார்க்கவே விளங்குது. சொல்லும். ஆனா நான் முடிச்சாப்பிறகு சொல்லும். இடையில சிரிச்சீரெண்டா எழும்பிப் போயிடுவன்.

நானும் தேவன் அண்ணையும் கிழக்கு லண்டனில கப்பல் வந்து நிக்கிற டொக்குகளில ஒண்டா வேலை செய்தனாங்கள். அவர் தண்ணிக்குள்ள இறங்கி, கப்பல் வாற பெரிய கதவுகளில பாசி சுரண்டி, வெடிப்பு இருக்கோ எண்டு தடவிப் பாக்கிறவர். நான் கரையில நிண்டு அவரின்ரை இடுப்பில கட்டின கயிறைப் பிடிக்கிறவன். கையுறை போடு, கையுறை போடு எண்டு எங்கட சுப்பர்வைசர் வெள்ளைக்காரன் ஒவ்வொரு நாளும் கத்துவான். நான் போடுறதில்லை. எங்கட பக்கத்தில தூண்டில் கயிறை வெறுங்கையாலதான் பிடிக்கிறது, கீழ என்ன நடக்குதெண்டு விரலுக்குத்தான் தெரியும், ரப்பருக்கு என்ன தெரியும் எண்டு எனக்கொரு வீம்பு. அந்த வீம்பாலதான் கெட்டன்.

தேவன் அண்ணை இஞ்ச வரமுந்தி தெற்கு ஆஸ்திரேலியாவில கல்லில ஒட்டியிருக்கிற சிப்பி எடுக்கிற சுழியோடி. அந்தக் கடல் வெள்ளைச் சுறாவின்ரை கடல். எங்கட சுறா மாதிரி இல்லையாம், வள்ளத்தளவு இருக்குமாம். சிப்பி கிளப்பிறவன் தலையைக் கல்லுக்குள்ள வைச்சுக்கொண்டு நிப்பான், பின்னால என்ன வருதெண்டு தெரியாது, அது சத்தம் போட்டுக்கொண்டும் வராது. அங்கத்தை ஆக்களிட்டை ஒரு பழக்கம், அது நிக்குதெண்டு தெரிஞ்சா மேல வரக்கூடாது. அடியில ஒட்டிப் படுக்கவேணும், போகுமட்டும் அசையாமல் கிடக்கவேணும், ஏனெண்டா நடுத்தண்ணியில தொங்கிறவனைத்தான் அது கீழ இருந்து வந்து அடிக்கும். கூட வேலை செய்த ஒருத்தன் பயத்தில ஏறினவன், படகுக்கு வந்து சேரேல்லை. அதோட தேவன் அண்ணை கடலை விட்டிட்டார். லண்டன் டொக்கில என்னடா இருக்கு, பழைய சைக்கிளும் ட்ரொலியும்தானே எண்டு சிரிப்பார்.

அண்டைக்கு நல்ல மத்தியானம், வெயிலும் எறிச்சது. அவர் இறங்கிக் கொஞ்ச நேரம், அவரின்ரை தலைக்கவசத்து மைக்கால சுரண்டுற சத்தம் கரையில ஸ்பீக்கரில கேட்டுக்கொண்டு இருந்தது. சட்டெண்டு நிண்டிட்டுது. பிறகு ஆறுதலாச் சொல்லுறார், "தம்பி, வந்திட்டுது."

"என்ன வந்தது அண்ணை?"

"இஞ்சதான் நிக்குது. நான் படுத்திட்டன். கயிறை இழுக்காதை."

நம்பினா நம்பும், நம்பாட்டி விடும், டொக்கில மிதந்த தண்ணிக்கோழியள் அவ்வளவும் அந்த நேரம் ஒரேயடியா எழும்பிப் பறந்தது. தண்ணி தேத்தண்ணி நிறம், அதுக்குள்ள ஒண்டும் தெரியேல்லை. ஸ்பீக்கரில அவரின்ரை மூச்சுச் சத்தம் வரவரக் குறைஞ்சு நிண்டிட்டுது. சுப்பர்வைசர் பாய்ஞ்சு வந்து இழு, இழு எண்டு கத்துறான். கூப்பிட்டுப் பதில் இல்லையெண்டா இழுக்கிறதுதான் இஞ்சத்தைச் சட்டம். அவர் இழுக்காதை எண்டவர். என்ன செய்ய? மனுசன் மூச்சில்லாமல் கீழ கிடக்கிறார், அவரின்ரை மனிசிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? இழுத்தன்.

பாதித் தூரம் வரைக்கும் அவரின்ரை பாரம்தான் வந்தது. பிறகு கயிறு கீழ போறதை விட்டிட்டுக் குறுக்கால, டொக்கின்ரை நடுவுக்குத் திரும்பிச்சுது. நான் இழுக்கேக்க கயிறு எண்ணை பூசினமாதிரி வழுவழுவெண்டு வந்தது. திரும்ப அது இழுத்துது பாரும், அப்ப வலக்கைத் தோலை உரிச்சுக்கொண்டு போச்சு. நைலோன் கயிறு, எத்தினை வருஷமாப் பிடிச்ச கயிறு, அது அப்பிடி அராவாது. ஆனா இந்தச் சொரசொரப்பு எனக்குத் தெரியும். எங்கட அப்பு வள்ளப் பலகை தேய்க்கிறதுக்குக் காய்ஞ்ச சுறாத்தோல் வைச்சிருந்தவர், ஒரு பக்கம் தடவினாப் பட்டு, மற்றப் பக்கம் தடவினா அரம். அதேதான். எனக்கு மூத்திரம் போயிட்டுது, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். ஆனா விடேல்லை.

பிறகு இழுவை நிண்டிட்டுது. தேவன் அண்ணை கரையேறுற ஏணியடியில மிதந்தார், ஒரு கீறல் இல்லை. தலைக்கவசத்தைக் கழட்டினவுடன என்னைப் பாத்து அழுதார். சந்தோசத்தில இல்லை, கோவத்தில.

"ஏன்டா இழுத்தனி? நான் சத்தம் கேக்கக்கூடாதெண்டு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தனான். அது என்னைத் தாண்டிப் போயிருக்கும். இப்ப கயிறின்ரை மற்றப் பக்கத்தில ஆர் நிக்கிறதெண்டு அதுக்குத் தெரிஞ்சிட்டுது."

கயிறு உரசின காயமெண்டு சுப்பர்வைசர் மருந்து போட்டுக் கட்டினான். டொக்கைத் தேடிப் பாத்தாங்கள், சைக்கிளும் ட்ரொலியும்தான். தேவன் அண்ணை இப்ப இஞ்ச வடக்கு லண்டனில, எட்மண்டனில ஒரு கடையில நிக்கிறார், பேரப்பிள்ளையளோட நீச்சல் குளத்துக்குக்கூடப் போறாராம். அவருக்கு ஒண்டுமில்லை. ஆத்துப் பாலத்தால ரயிலில போகேலாமல், ஆத்துக்குத் தெற்கால லூயிஷாமை விட்டு வெளிக்கிடாமல் கிடக்கிறது நான்தான். இண்டைக்கும் நீர் காரில கூட்டிவர வராட்டி ஆத்தின்ரை இந்தக் கரைக்கு வந்திருக்கமாட்டன், வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்ததைக் கண்டனீர்தானே.

இந்த வலக்கைக்கு டாக்குத்தர் கிறீம் தந்தவர், தோல் வறட்சியாம். முதல் உள்ளங்கையில மட்டும்தான் இருந்தது. போன வருஷம் மணிக்கட்டுக்கு வந்தது. இப்ப முழங்கையைத் தாண்டிட்டுது, இந்தச் சேட்டுக் கையை மடிக்கிறன், நீரே பாரும். முழங்கையில இருந்து கீழ தடவும். பட்டு மாதிரி இருக்குதெல்லோ? இனி விரலில இருந்து மேல தடவும். மெல்ல, மெல்ல, உம்மட கை கிழிஞ்சு போடும்.