மகளுக்கு ஊசி போடப் போன வாப்பா

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீன் பேச்சு குறைந்தவர். கருப்பைவாய்ப் புற்றுநோயில் மனைவி மர்யம் போன பிறகு இன்னும் குறைந்துபோனார். உதிரம் படுவதை வெட்கப்பட்டு அவரிடம்கூட மறைத்திருந்தாள் மர்யம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது.

மகள் நஸ்ரினுக்குப் பதிமூன்று வயது. அந்த நோய் வராமல் தடுக்க இந்த வயதிலேயே ஊசி உண்டு என்று பள்ளிக்கூடக் கூட்டத்தில் சொன்னார்கள். போட்டுவிடுவது என்று அவர் அப்போதே முடிவுசெய்துவிட்டார்.

விஷயம் கேட்டு மான்குர்த்திலிருந்து அக்கா ஜொகரா ஓடி வந்தாள்.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு இது என்னத்துக்குத் தம்பி? நாளைக்கு நிக்காஹ் பேசுதப்ப நாலு பேரு கேக்க மாட்டாவளா?"

"கேக்கட்டும் லாத்தா. மர்யத்துக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலயே."



கிளினிக்கில் பிள்ளைகளோடு வந்திருந்தவர்கள் எல்லாம் அம்மாக்கள். "மம்மி வரலையா?" என்று நர்ஸ் வந்தனா இந்தியில் கேட்டாள்.

"நான்தான் வந்திருக்கேன்," என்றார்.

வந்தனா ஒரு ஸ்டூலை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். ஊசி போட்டதும் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னாள்.

"உம்மாவுக்கு இந்த நோய்தானா வாப்பா வந்துச்சு?" என்று நஸ்ரின் கேட்டாள். " வயித்துவலின்னுல்லா சொன்னீய."

அவர் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

"உம்மா ஏன் சொல்லல?"

"வெக்கந்தாம்மா. எனக்கும் கேக்கத் தெரியல. உனக்கு எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லிரு, என்னா?"

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப ஒண்ணு சொல்லட்டா? நீங்க பேப்பர்ல சுத்தி வாங்கியாற பேடு நல்லாவே இல்ல. அடுத்த தடவ நானும் கடைக்கு வாரேன்."

அவர் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஜொகரா போன் செய்தாள். "எனக்கும் அந்த ஊசி போடுவாவளா தம்பி?"

"உங்க வயசுக்கு டெஸ்ட்தான் எடுக்கணுமாம் லாத்தா. லேடி டாக்டர்தான் பாக்காவ."

"நீ கூட வருவியா?"

போனார். பரிசோதனையில், புற்றாக மாறுவதற்கு முந்திய சின்ன மாற்றம் தெரிந்தது. டாக்டரம்மா அதற்குச் சிகிச்சை செய்து, மறுபடி வந்து காட்டச் சொன்னார். வெளியே வந்த ஜொகரா தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பசிக்கி தம்பி. எதுனாச்சும் வாங்கித் தா."