மேட்டுத் தெருவில் ஞானஜோதி டீச்சர்

ஓய்வுபெற்ற ஞானஜோதி டீச்சருக்குத் தெரியாத தெருக்களில் நடந்து திரிவதில் தனி ஆசை. கிழக்குத் தாம்பரத்தில் பச்சைமலைச் சரிவு மட்டும்தான் பாக்கி. “முட்டி தேய்ஞ்சிருக்கு, மேடு ஏறவே கூடாது” என்று மகன் மெர்வின் தடை போட்டிருந்தான்.

அவன் ஆபீஸ் போனதும் ஒருநாள் கிளம்பிவிட்டார். வெள்ளைப் புடவை, தோளில் பை. வீடு வீடாக ஜெபிக்க வருகிறவர்களின் அதே கோலம். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது ஒரு பெண் ஓடிவந்தாள்.

“சர்ச்லேர்ந்து வர்றீங்களாம்மா? உள்ள வாங்க. பரீட்சைன்னு பொண்ணு அழுதுகினே கீறா, ஜெபம் பண்ணுங்க.”

சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்று சொல்ல டீச்சருக்கு வெட்கம். ஜெபித்தார். மோர் கிடைத்தது. அடுத்த வீட்டிலும் கூப்பிட்டார்கள். இப்படியே உச்சிக்குப் போய், விமானம் இறங்குவதையும் பார்த்துவிட்டு வந்தார்.

எந்த சர்ச் என்று கேட்டு வைத்திருந்த மேட்டுத் தெருக்காரர்கள், டீச்சரின் சபைப் போதகருக்கு போன் போட்டு நன்றி சொல்லிவிட்டார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் பூரித்துப்போனார். “இந்த வயசுல நம்ம டீச்சரம்மா மலையேறி ஜெபிச்சிருக்காங்க! இனி வாராவாரம் அந்தத் தெரு அவங்க பொறுப்பு.”

சபை கைதட்டியது. மெர்வின் பல்லைக் கடித்தான். “அம்மா, முட்டி?”

“நான் என்னடா பண்றது? வேணாம்னு நீயே எழுந்து சொல்லு” என்று டீச்சர் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.