குட்டி பறக்கிற வரை

மேல்மாடியில் வாடகைக்கு இருந்த திரைச்சீலைத் தையல்காரிக்கு அந்தத் தெரு வைத்த பெயர் கறார் அக்கா. அளவிலும் கறார், பேச்சிலும் கறார். ஒரு அங்குலம் விட்டுக்கொடுத்தால் திரையும் கோணும், மனுஷனும் கோணிவிடுவான் என்பது அவள் கட்சி.

அவள் ஜன்னலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேருமிடத்தில், விரல் நுழைகிற வெடிப்பு ஒன்று. அதன் கீழே தினமும் கறுப்புப் புழுக்கைகள் விழுந்து கிடந்தன. எலிதான் என்றார் வீட்டுக்காரர். அக்கா மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, குச்சியால் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். எலிப் புழுக்கையானால் கெட்டியாக இருக்கும். இதுவோ பொடியாக உதிர்ந்தது, நடுவே பூச்சி இறகின் துணுக்கு மின்னியது. வௌவால்.

வௌவாலோடு அவளுக்குப் பழைய பகை உண்டு. ஒரு வீட்டில் அழுக்குத் திரையைக் கழற்றும்போது, வழக்கம்போல மடிப்புகளை ஒரே கொத்தாகப் பிடித்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வௌவால் விரலைக் கவ்விவிட்டது. தையல்காரிக்கு ஊசி குத்துவது புதிதா என்று துடைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸாக இருந்த தங்கைதான் திட்டித் தீர்த்து, குழாயடியில் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவவைத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் வெறிநோய்த் தடுப்பூசி போடவைத்தாள். அதன்பின் வெறுங்கை கிடையாது. தரையில் வௌவால் கிடந்தால் கையுறை மாட்டி, டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே உயரமான இடமாகப் பார்த்து விடுவாள்.

வீட்டுக்காரர் கொத்தனாரும் சிமெண்டுமாக வந்து நின்றார். வெடிப்புக்குள் குட்டிகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அடைத்தால் அவை உள்ளேயே செத்து நாறும், தாய்கள் வழி தேடி வீட்டுக்குள் புகும், பறக்கப் பழகும்வரை பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். உன்னைக் கடித்த வௌவாலுக்கே வக்காலத்தா என்று அவர் சிரித்தார். இன்றே அடைக்கணும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்றார்.

வாடிக்கை முழுக்க அந்தத் தெருவில்தான். காலி செய்தால் பிழைப்பும் போகும். ஆனாலும் அக்காவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அளவு எடுக்கிற ஸ்டூலை ஜன்னலடியில் போட்டு, வெடிப்பை மறைத்து ஏறி நின்றாள்.

"அண்ணே, முதல்ல என்னை வச்சுப் பூசுங்க. அப்புறம் அதைப் பூசிக்கலாம்."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "நானும் புள்ளகுட்டிக்காரன் சார். இது என் கையால ஆகாது."

"அப்போ நீ காலி பண்ணும்மா," என்றார் வீட்டுக்காரர்.

"பண்றேன் சார். குட்டி பறக்கட்டும்."

வேறு ஆளைக் கூட்டிவருவதாக அவர் மிரட்டிக்கொண்டே இருந்தார். அக்கா தையல் மிஷினை ஜன்னலடிக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில், பொழுது சாயும்போது தாய்களின் பின்னால் குட்டிகளும் தடுமாறிக் கிளம்பின. எல்லாம் நன்றாகப் பறக்கிறதென்று உறுதியானபின், மிச்சமிருந்த வலைத்துணியை வெடிப்பின் மேலும் பக்கங்களிலும் ஒட்டி, அடிப்பக்கம் திறந்து தொங்கவிட்டாள். இறங்கிப் போகலாம், திரும்ப ஏற முடியாது. உள்ளே சத்தம் அடங்கிய பிறகும் சில நாள் காத்திருந்து, கொத்தனாரிடம் கரண்டி வாங்கி, தானே பூசினாள்.

பூசியிருந்த நேர்த்தியைப் பார்த்து வீட்டுக்காரர் இளகிவிட்டார். போனது போகட்டும், நீயே இருந்துக்கோ என்றார்.

கீழே வண்டியில் தையல் மிஷின் ஏறியிருந்தது. அக்கா சாவியை அவர் கையில் வைத்தாள்.

"அதுங்களும் போயாச்சு, நானும் போறேன் சார். நீங்க துரத்தி யாரும் போகலை."