பதினோராம் மாடியில் எரிந்த விளக்கு

அந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் துடைத்த கண்ணாடிக் கதவு கண்ணுக்கே தெரியாது, வருகிறவன் போய் மூக்கை முட்டிக்கொள்வான். அதனால் கூட வேலை செய்த பெண்கள் பளிங்கக்கா என்று வைத்தார்கள். பதினோரு வருடமாக அதுதான் பெயர். கை ஓய்ந்தாலும் அவளுக்கு வாய் ஓயாது. எந்த மாடியை எத்தனை மணிக்குப் பெருக்கினாள், எந்த அதிகாரி மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போடுவார், எல்லாம் சாயங்காலமே வீட்டில் புருஷன் காதுக்குப் போய்விடும். அவரும் பாவம், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

பிறகு நோய் வந்தது. நகரமே கதவைச் சாத்திக்கொண்டது. கட்டடத்தில் இருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போயின. முறையாகக் காலி செய்துகூடப் போகவில்லை, யாரோ கூப்பிட்டதும் எழுந்து போன மாதிரி போனார்கள். பாதி குடித்த காபி மேஜையிலேயே காய்ந்தது. நாற்காலி முதுகில் ஸ்வெட்டர் தொங்கியது. எல்லாக் காலண்டரும் ஒரே மாதத்தில் நின்றன. கீழே தெருவில் ஜெராக்ஸ் கடை, சாப்பாட்டுக் கடை, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் என்று அந்தக் கட்டடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

துப்புரவுக்கு இருந்த பதினாலு பேரில் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் பளிங்கக்கா ஒருத்தி. யாருமில்லாத இடத்தை எதற்குப் பெருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். வாடகைக்குப் பார்க்க யாராவது வந்தால் இடம் பளபளவென்று இருக்க வேண்டுமாம். எவனும் வரவில்லை.

அந்தக் கட்டடத்து விளக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. ஆள் அசைந்தால் தானாக எரியும், பத்து நிமிடம் அசைவில்லை என்றால் தானாக அணையும். பளிங்கக்கா நடக்க நடக்க முன்னால் விளக்குகள் எரியும். அவள் கடந்து வந்த விளக்குகள் கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் யாரோ அணைத்துக்கொண்டே வருவது போல ஒவ்வொன்றாக அணையும். மேல் மாடியில் எங்கோ ஒரு டெலிபோன் அடிக்கும். எடுக்க ஆளில்லாமல் நெடுநேரம் அடித்துவிட்டு நிற்கும்.

அவள் வேலையில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒரு மேஜையைத் துடைத்து முடித்தால், அதன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவாள். எது முடிந்தது, எது பாக்கி என்று குழப்பம் வராது. காலை ஏழு மணிக்குப் பதினோராம் மாடியை முடித்துவிட்டுக் கிளம்பும்போது நூற்று இருபது நாற்காலிகளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், தூணுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி மட்டும் மேஜையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

அது நெட்டையர் என்று துப்புரவுப் பெண்கள் சொல்லும் ஒருவருடைய இடம். பயண டிக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்த்த உயரமான மனிதர். நோய் வந்த இரண்டாம் மாதமே ஆஸ்பத்திரியில் செத்துப் போனார், முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. இருந்தவரை தினமும் காலையில், "அக்கா, ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்பார். பளிங்கக்கா வேறெதையும் யோசிக்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அந்த மேஜையில் வைத்து, ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் டம்ளர் காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

கூட வேலை செய்கிறவளிடம் சொன்னாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னுவாங்க. ஒனக்கு வெளிச்சத்துலயே பேய் வருதாக்கா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் அன்றையிலிருந்து அவள் பதினோராம் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பளிங்கக்கா மட்டும் நாற்பது நாள் தவறாமல் தண்ணீர் வைத்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், நாம் வைப்பதை ஒரு ஜீவன் குடிக்கிறதே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பேய்க்குத் தண்ணீர் போதும், கரண்டு வேண்டாம் என்று அவள் நினைத்தது தப்பு. கட்டட மேனேஜர் ஒரு திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் கரண்டுச் செலவைக் காட்டும் ஒரு கோட்டைக் காட்டினார்.

"காலி மாடியில பகலெல்லாம் லைட் எரியுது. யார் அது?"

"தெரியாது சார்."

"மேல போற ஆளு நீதான். ஏசியைப் போட்டுட்டுத் தூங்குறியா? வெள்ளிக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லேன்னா உன்னை நிறுத்திட்டு அந்த இன்னொரு அம்மாவை மட்டும் வெச்சுக்கறேன்."

புருஷனுக்கு அரைச் சம்பளம்தான் வருகிறது. விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக் கொடுக்கும் கம்பெனியில் அவர் ஸ்டோர் பார்க்கிறார். விமானம் பறக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிகளுக்குத் தட்டு போகிறது என்று சொல்லியிருந்தார். இவள் வேலையும் போனால் வீடு நிற்காது. பேயோ பிசாசோ பார்த்துவிடுவது என்று வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, லிஃப்டில் ஏறினால் சத்தம் கேட்கும் என்று படியேறிப் போனாள்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மாடி முழுக்க இருட்டு. திரைகள் இறங்கியிருந்தன. தூணுக்குப் பின்னால் ஒரு தோள் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை. அப்போது அந்த இருட்டில் ஒரு கை மெல்ல உயர்ந்து, யாரையோ கூப்பிடுவது போல இரண்டு முறை ஆடியது. விளக்கு எரிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தது அவள் புருஷன்.

காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை. அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ். அதைத் திறந்து, எரியாத கம்ப்யூட்டரைப் பார்த்தபடி நிதானமாக மென்று சாப்பிட்டார். வாயைத் துடைத்தார். டிபன் பாக்ஸை மூடினார். மேஜை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. இந்த முறை கை உயரவில்லை.

பளிங்கக்கா படியில் உட்கார்ந்து அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். அவள் தொலைத்துவிட்டதாக நினைத்த கதவு திறக்கும் பழைய அட்டை எங்கே போனது என்பதும், மாஸ்க் எல்லா முகத்தையும் மூடிவிட்ட இந்த நாளில் கார் நிறுத்தும் வழியாக வருகிறவரை யார் கேட்பார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. வேலை போனபோது கடைசியாகக் கிடைத்த தொகையைத்தான் பிய்த்துப் பிய்த்துச் சம்பளம் என்று கொடுத்திருக்கிறார். பூங்கா மூடியிருக்கிறது, டீக்கடை மூடியிருக்கிறது, மனுஷன் பகலை எங்கே கொண்டுபோய்க் கழிப்பார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாரே என்ற கோபம் முதலில் வந்தது. அப்புறம் அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு, செத்தவனுக்கு வைப்பது போல நாற்பது நாள் தண்ணீர் வைத்திருக்கிறாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினோராம் மாடியில் ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டு, மேனேஜரைக் கையோடு கூட்டிப் போய்க் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். திரை காற்றில் ஆடியது, விளக்கு எரிந்தது.

"இதான் சார் அந்தப் பேயி," என்றாள்.

மேனேஜர் அசடு வழிந்தார். அவள் எதிரிலேயே மெயின் சுவிட்சை இறக்கி, மாடியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் வேலை தப்பியது.

அன்று சாயங்காலம் புருஷன் வழக்கம்போல ஆறரைக்கு வந்தார். உதடு வறண்டிருந்தது. நாளெல்லாம் எங்கே சுற்றினாரோ. "இன்னைக்கு வேலை ஜாஸ்தி," என்றார்.

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "பதினோராம் மாடியைப் பூட்டிட்டாங்க. கரண்டையும் நிறுத்திட்டாங்க."

பிசைந்த கை நின்றது.

"ஏழாம் மாடி தொறந்துதான் கெடக்கு. அங்க பழைய லைட்டு, சுவிட்ச் போட்டாத்தான் எரியும். ஆனா ஜன்னலோரம் நல்ல வெளிச்சம். எட்டு மணிக்குள்ள நான் பெருக்கி முடிச்சிருவேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அங்க யாரும் வர மாட்டாங்க."

அவர் நிமிரவில்லை. தட்டிலிருந்த சோற்றை ஓரத்துக்கு ஒதுக்கினார், பிறகு நடுவுக்குக் கொண்டுவந்தார். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"லிஃப்டு ஏழுல நிக்குமா?"

"நிக்காதுங்க," என்றாள். "படியேறி வாங்க."