வீட்டில் இருப்பவர் எண்ணை எழுதிக்கொண்டவர்

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. தண்ணீர் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் பரிதா அக்கா தினமும் குரல்பதிவு போடும் நேரம் அது. "அம்மா மௌத்தாயிட்டாங்க. மதியம் நல்லடக்கம்" என்று மகன் அன்சாரி எழுதியிருந்தார். அதைப் படிக்காமலே யாரோ கீழே, "தண்ணி எப்பக்கா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு அழித்தார்கள். அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பதிலும் சொல்லியிருப்பார்.

அவரைப் பற்றி உடனே எழுத நினைத்தேன். பையனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போய்விட்டது. சாதாரணக் காய்ச்சல்தான், நான்தான் நிமிடத்துக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊராட்சியில் அக்கா வார்டு உறுப்பினர். தையல் மிஷினை நிறுத்தாமலே குறை கேட்பார். நான் திருமணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், "காலேஜ் படிச்ச பொண்ணாச்சே, போன்ல மனு போடுறது எப்படின்னு பார்த்துச் சொல்லும்மா" என்று ஒருநாள் கூப்பிட்டார். அப்படித்தான் பழக்கம்.

பையனை அங்கன்வாடியில் சேர்த்த வருடம், போகும் வழியில் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடி இரண்டு பக்கமும் உடைந்து கிடந்தது. ஆற்றில் தண்ணீர் விட்டால் வாய்க்கால் நிறைந்து ஓடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என் பெயரிலேயே இணையத்தில் மனு போடச் சொன்னார். ஆனால் எங்கள் குடும்ப அட்டையில் இருந்தது ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவரின் எண். ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் வேலைக்கு நடுவே பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்றாவது தடவைதான் மனு ஏறியது.

இரண்டு வாரத்தில் 'தீர்வு காணப்பட்டது' என்று வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பாலம் அப்படியேதான் இருந்தது.

விசாரித்தால், குறை தீர்ந்ததா என்று கேட்டு அலுவலகத்திலிருந்து என் கணவருக்குப் போன் போயிருக்கிறது. "ஆபீஸ்லேருந்து கேக்குறாங்க, குறைன்னா சொல்ல முடியும்? எல்லாம் நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டேன்" என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா, "ஷார்ஜாவுல பாலம் நல்லாத்தாம்மா இருக்கும்" என்றார்.

அட்டைகளில் எண்ணை மாற்றுவதற்காக மறுநாளே ஒரு பழைய டைரியோடு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் எண்கள் துபாயிலும் குவைத்திலும் இருந்தன. "குடத்தைத் தூக்குறது யாரு? அவங்க நம்பரைச் சொல்லுங்க" என்பார். பல வீடுகளில் எளிதாக நடக்கவில்லை. என் மாமியாரே, "கண்ட ஆபீஸ்காரனும் மருமகளுக்குப் போன் பண்ணணுமா?" என்று கேட்டார்.

"அப்ப உங்க நம்பரைக் கொடுங்கத்தை. நீங்க பேசுங்க. அவங்களும் பயப்படுவாங்க" என்றார் அக்கா.

மாமியார் யோசித்துவிட்டு என் எண்ணையே கொடுக்கச் சொன்னார்.

மறுபடி மனு போட்டோம். ஆற்றில் தண்ணீர் திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னால் எனக்குப் போன் வந்தது. அக்கா என் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"பாலம் வேலை முடிஞ்சிருச்சுன்னு இங்க வந்திருக்கு. மனுவை முடிச்சிரலாமாம்மா?"

ஒரு பக்கம்தான் கைப்பிடி வைத்திருந்தார்கள். எனக்கும் 'சரி சார்' என்றுதான் வாயில் வந்தது. என் கணவர் ஏன் சரி என்று சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. அக்காவைப் பார்த்தேன். அவர் டேப்பைப் பிடித்தபடி சும்மா நின்றார். பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஒரு பக்கந்தான் சார் போட்டிருக்காங்க. புள்ளைங்க ரெண்டு பக்கமும்தான் நடக்கும்" என்றேன்.

அந்த வாரமே மறுபக்கமும் வந்தது. அதன் பிறகு தெருவில் பெண்கள் கூச்சமில்லாமல் 'இன்னும் ஆகலை' என்று சொல்லப் பழகினார்கள். அக்காவையும் விடவில்லை. தண்ணீர் கால் மணி தாமதமானால் அவருக்கே மனு போட்டார்கள். "நானே தேடிக்கிட்ட வினை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அக்காவின் போன் அடித்தது. அன்சாரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தெருமுனைக் குழாய் ஒழுகுவதாக அவர் போட்டிருந்த மனுவைப் பற்றி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்.

"அம்மா தவறிட்டாங்க சார்" என்றார் அன்சாரி.

"அடடா. அப்ப மனுவை முடிச்சிரலாங்களா தம்பி?"

அன்சாரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கை நீட்டிப் போனை வாங்கினேன்.

"முடிக்காதீங்க சார். அக்காதான் இல்லை. குழாய் இன்னும் ஒழுகுது."

"நீங்க யாரும்மா?"

"அந்தக் குழாயில தண்ணி பிடிக்கிறவங்க."

பெயரும் எண்ணும் கேட்டார். இரண்டையும் சொன்னேன்.

உங்கள் மனுவை இன்னும் முடிக்கவிடவில்லை, அக்கா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.