விளக்கின் மேல் வைத்த பொட்டு

மருத்துவக் கருவிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை என்று சொன்னால், விழுப்புரத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் பிடிபடாது. "டிவி ரிப்பேரா?" என்பார்கள். கொஞ்ச நாள் விளக்கிப் பார்த்தேன். பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிக்கொண்டேன். எந்த எண் எங்கே தெரிய வேண்டும், எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஆபத்து என்றால் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை அது.

தொடுதிரை செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த சமயம். புதுச்சேரியில் நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, நோயாளியின் மணிக்கட்டில் கட்டுகிற பட்டை ஒன்றைச் செய்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கு அது அனுப்பும். பெட்டியின் முகப்பு முழுக்க என் கைவேலை. நாடித்துடிப்பு பச்சை அலையாக ஓடும். அதைப் பார்த்து நானே சொக்கிப்போயிருந்தேன். அளவு குறைந்தால் பெட்டி கூவும், உச்சியில் நட்டநடுவே ஒரு சிவப்பு விளக்கு எரியும். விளக்கை ஓரமாக வைக்கலாம் என்ற மேலாளரிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். "யார் பார்த்தாலும் கண் முதல்ல போற இடம் அதுதான் சார்" என்று அடித்துப் பேசி ஜெயித்தேன்.

திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனை நான்கு பெட்டிகளைச் சோதனைக்கு வைத்துக்கொண்டது. வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துப் போய், டாக்டரையும் நர்ஸ்களையும் கேள்வி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். முதல் வாரமே சிக்கல். நோயாளி கையை லேசாக அசைத்தாலும் பெட்டி கூவியது. "ஒரே பேஜாரா இருக்குது மேடம், ஒரு ஊசி போட வுட மாட்டேங்குது" என்றார் வார்டு நர்ஸ். சத்தத்தை அடக்கும் பொத்தானை நான்தான் தாராளமாகப் பெரிதாக வைத்திருந்தேன். அதை அழுத்தி நான்கையும் ஊமையாக்கிவிட்டார்கள். எனக்குத் தெரியும். விளக்குதான் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை வார்டுக்குள் நுழைந்தேன். ஆக்சிஜன் சிலிண்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மருந்து வைக்கிற பிரிட்ஜ் எல்லாம் பளிச்சென்று துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. என் பெட்டிகளையும் விட்டுவைக்கவில்லை. நான்கிலும் உச்சியில் நடுவே, விளக்கை மொத்தமாக மூடி, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"யாரு வெச்சது இதை?"

"நான்தான் மேடம்" என்றார் நர்ஸ். "எல்லாத்துக்கும் வெச்சிட்டு உங்க மிஷின மட்டும் வுட்டா நல்லா இருக்குமா? அந்த எடம் நெத்தியாட்டம் இருந்துச்சு, வெச்சேன்."

அவரை என்ன சொல்வது? கண் முதலில் போகிற இடம் என்று சண்டை போட்டு வாங்கியவள் நான்தானே.

ஏழாம் கட்டிலின் பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருமுறை எரிந்தால், யாராவது வந்து அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்தும்வரை அணையாதபடி அதைச் செய்திருந்தோம். அப்படியென்றால் எப்போதோ அளவு குறைந்திருக்கிறது; யாரும் பார்க்கவில்லை.

கட்டிலில் இருந்தவர் மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த மீனவர். நுரையீரலில் சளி கட்டி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார். எதிரே இருக்கும் என் சொந்தத் திரையைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. துண்டை விலக்கக் கையை நீட்டினேன்.

"எம்மா, கைய எடு. இப்பத்தான் கண்ண மூடினாரு."

அவருடைய மனைவி. பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அப்போதுதான் துண்டு மெல்ல ஏறி இறங்குவது தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்ததைப் போல இருந்தது. சுவரில் அப்படியே சாய்ந்துகொண்டேன்.

"காலைல ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஆச்சு. பொழுது விடிஞ்சதும் பொரண்டு படுத்தாரு, டியூபு கம்பில மாட்டி மடங்கிக்கிச்சு. அந்த மூலைல சின்னதா நம்பரு தெரியுது பாரு, அது எறங்கிக்கினே வந்துச்சு. எம்பத்தஞ்சு வந்ததும் கத்திக்கினு ஓடினேன். சிஸ்டரு ஜல்தியா வந்து சரி பண்ணாங்க. அஞ்சு நிமிசத்துல ஏறிப்போச்சு."

"நம்பர் படிப்பீங்களா?"

"எழுத்துதான் வராது. மீன் விக்கறவளுக்கு நம்பரு தெரியாதா? எதுக்குக் கீழ போனா கூப்புடணும்னு மொத நாளே சிஸ்டர கேட்டு வெச்சிக்கினேன்."

பச்சை அலைக்கு இடம் வேண்டும் என்று அந்த எண்ணை நான் மூலையில் கடுகாட்டம் போட்டிருந்தேன். என் நோட்டில் டாக்டர் சொன்னது இருந்தது, நர்ஸ் சொன்னது இருந்தது. கட்டிலை விட்டு நகராமல் இருக்கிற இந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நான்கு பெட்டிகளையும் நானே ஈரத்துணியால் துடைத்து, சத்தத்தையும் திறந்துவிட்டேன். "கோவமா மேடம்?" என்று நர்ஸ் பயந்தபடி கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏழாம் கட்டில்காரர் பிழைத்துக்கிடந்தார், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு, ஒக்காரும்மா" என்று அந்த அம்மா தன் ஸ்டூலைத் தள்ளி, பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தேன். நின்றுகொண்டு பார்க்கும் நர்ஸின் கண்ணுக்கு வாகாக அதை நான் மேல்நோக்கிச் சாய்த்திருந்தேன். ஸ்டூலிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் டியூப்லைட்தான் பளபளத்தது.

"இங்கேர்ந்து பாத்தா நம்பரே தெரியலையேம்மா" என்றேன்.

"தெரியாதும்மா" என்றார். "அதான் அஞ்சு நாளா நின்னுக்கினே இருக்கறேன்."