காப்புக் கட்டியபின் போன லொறி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கங்காணியே அவளோடு பேச்சை வளர்க்க மாட்டார். புருஷன் கிருஷ்ணராஜ் லொறி ஓட்டுகிறவன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்கிற ரகம்.

இலங்கையில் யுத்த காலம் அது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கட்டினால் திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஆனால் இந்த மனுஷன் மறுநாள் விடிந்ததும் மட்டக்களப்புக்குக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

“காப்புக் கட்டின கையோட எங்க போறீங்க?”

“நஸீர் முதலாளிக்கு வேற ட்ரைவர் இல்லியாம். ஆமி கான்வாய்க்குப் பின்னாடியே போயிட்டு நாளைக்கு வந்துர்றேன்.”

“போங்க! எக்கேடோ கெட்டுப் போங்க!”

பொழுது சாய்ந்தபோது ரேடியோவில் செய்தி வந்தது. மட்டக்களப்பு போகும் வழியில் பிபிலைக்கு அப்பால் காட்டுப் பாதையில் போராளிகள் பதுங்கியிருந்து ஆமி வண்டிகளின் கான்வாயைத் தாக்கிவிட்டார்களாம். ஆமிக்காரர்கள் நிறையப் பேர் செத்துவிட்டார்களாம். பின்னால் போன லொறிகளின் கதி தெரியவில்லையாம்.

“ஐயோ, பாவி நான்! என் வாயாலயே அனுப்பிட்டேனே!” ஜீவராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ராசம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றது. ஏற்றிய கோவா அப்படியே இருந்தது. கிருஷ்ணராஜ் பயந்து பயந்து இறங்கினான். அவனுக்குச் செய்தியே தெரியாது.

“ஏசாத ஜீவா. பிபிலையில கான்வாய் கிளம்புறப்ப ஸ்டியரிங் புடிச்ச கையில இந்தக் காப்பைப் பார்த்தேன். திருவிழாவுல சின்னக் குறை வந்தாலும் ஆயுசுக்கும் நீ என்னையத்தானே சொல்லுவ? திருப்பிட்டேன்.”

அப்பாடா! ஜீவராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ராசம்மா விஷயத்தைச் சொன்னதும் அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “காலையில பிபிலை தேத்தண்ணிக் கடையில ஒரு ஆமிக்காரப் பையன் தள்ளி உக்காந்து எனக்கு இடம் குடுத்தான் ஜீவா. கான்வாயோட முதல் ட்ரக்லதான் ஏறினான்.”

அன்று கோயிலில் ஜீவராணி இரண்டு விளக்கு ஏற்றினாள். இன்றுவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்படித்தான். எதற்கு ரெண்டு என்று கேட்டால், “எம் புருஷன் வந்துட்டாரு. அந்தப் பையனோட அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாளே” என்பாள்.